கீறல் படாத அடுப்பங்கரை

என் மகனைப் போலப் பொறுப்புள்ள தகப்பனை நான் பார்த்ததில்லை. பேத்தியின் மூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு பொம்மைச் சமையலறை வாங்க அவன் பதினொரு நாள் எடுத்துக்கொண்டான். அவனுக்குப் பெண் பார்த்துப் பேசி முடிக்கவே எங்களுக்கு நாலு நாள்தான் ஆயிற்று. சோழிங்கநல்லூரில் ஒன்பதாவது மாடியில் இருக்கிற இந்த வீட்டுக்கு முன்பணம் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதுமாக இருந்தது. அந்த அவசரத்தில், வீட்டுச் சமையலறை ஆறடிக்கு ஏழடி என்பதையும், உள்ளே ஒருத்தி நின்றால் இன்னொருத்தி வாசலில் நின்றுதான் பேச வேண்டும் என்பதையும் அவன் கவனிக்கவில்லை. அதனால் என்ன? பட்டால்தானே புத்தி வரும். இரண்டாவது சமையலறை வாங்கும்போது அளவுநாடாவும் கையுமாக உட்கார்ந்துவிட்டான்.

எக்செல்லில் அட்டவணை போட்டிருந்தான். பதினான்கு சமையலறைகள். விலை, உயரம், எடை, நிறம், எத்தனை பாட்டுப் பாடும், எத்தனை விளக்கு எரியும், எத்தனை சாமான், எத்தனை பேர் எத்தனை ஸ்டார் போட்டிருக்கிறார்கள் என்று பத்தி பத்தியாக. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மடிக்கணினியை விரித்துக்கொண்டு மருமகளிடம் யோசனை கேட்பான். “ஓவன் லெஃப்ட்ல இருக்கட்டுமா, ரைட்லயா?” என்று சோபாவிலிருந்து குரல் கொடுப்பான். உள்ளே அவள் பாத்திரம் தேய்க்கிறாள். குழாய்ச் சத்தத்தில் காதில் விழாது. எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய ஆராய்ச்சியின் நடுவில் எழுந்து போகிறதா? தவிரவும் அந்த அறைக்குள் போய் அவனுக்குப் பழக்கம் கிடையாது.

அறுபத்தைந்து சாமான் உள்ள செட் ஜெயித்தது. அந்த அறுபத்தைந்தையும் ராத்திரி யார் பொறுக்கி எடுத்து வைப்பது என்பதற்கு மட்டும் அட்டவணையில் பத்தி இல்லை. அது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்ததையெல்லாம் அட்டவணையில் ஏற்றிக்கொண்டிருக்க முடியாது. நிறத்துக்கு மட்டும் மூன்று நாள். கடைசியில் வெளிர் ரோஸ். வரவேற்பறைச் சுவரோடு அது ஒத்துப்போகும், போட்டோவில் எடுப்பாக இருக்கும். பிள்ளைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று நான் கேட்டேன். அவளிடம் கேட்டதில் “காக்கா கலர்” என்றாளாம். குழந்தைகளிடம் கேட்டுப் பொம்மை வாங்கினால் வீடு என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நானும் வெறுங்கையோடு வரவில்லை. அம்பாசமுத்திரத்துக்காரன் பேத்தியைப் பார்க்க வரும்போது வேறு என்ன கொண்டு வருவான்? ஓலைப்பெட்டி நிறைய மரச்செப்பு. அடுப்பு, பானை, குடம், அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, இட்லிக் கொப்பரை, தோசைக்கல், தோசை திருப்ப விரல் நீளத்துக்கு ஒரு கரண்டி. இப்போதெல்லாம் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் மிக்ஸியும்கூடக் கடைந்து சேர்த்துவிடுகிறார்கள். கடசல் பட்டறையில் மரத்துண்டு சுழலும். உளியை வைத்தால் சீவல் சுருள் சுருளாகத் தெறிக்கும். அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசுகிற சூட்டிலேயே இளகி மரத்தில் ஏறிக்கொள்ளும். சிவப்பு, மஞ்சள், பச்சை. வெளிர் ரோஸ் கேட்டால் கடைகிறவர் கண்ணாடியை இறக்கிவிட்டு நம்மைப் பார்ப்பார்.

அதன் குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். செப்பு பாடாது. அதில் விளக்கு எரியாது. பொத்தான் கிடையாது. தரையில் கொட்டினால் கொட்டின இடத்தில் கிடக்கும். கொதிக்கிற சத்தத்தைப் பிள்ளைதான் வாயால் போட வேண்டும். தண்ணீரைப் பிள்ளைதான் நினைத்துக்கொள்ள வேண்டும். சாம்பாருக்கு உப்பு போதுமா என்று பிள்ளைதான் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்க்க வேண்டும். மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தை தலையில் இவ்வளவு வேலையைக் கட்டினால் அது தாங்குமா?

என் மகன் அந்தப் பெட்டியை உடனே கையகப்படுத்தினான். அவனிடம் ஒரு உருளை இருக்கிறது. அதையும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான். உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், அடிப்பாகம் சாய்வு, ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கொடுக்கிற சாமான் எதுவும் அந்த உருளைக்குள் முழுசாக அடங்கக் கூடாதாம்; அடங்கினால் தொண்டையில் அடைக்கும். என் கரண்டி அடங்கியது. உலக்கை அடங்கியது. குடத்து மூடி அடங்கியது.

“அப்பா, இது சேஃப்டி இல்லப்பா. மூணு வயசு முடியட்டும்.”

“எங்க அக்கா இதே செப்பை வச்சுத்தானலே வெளையாண்டா?”

“அப்ப யாரு முழுங்குனா, யாரு செத்தான்னு கணக்கு வச்சிருந்தீங்களா?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அவனை வஞ்சனை இல்லாமல் பாராட்டுகிறேன். ஓலைப்பெட்டி பரணுக்கு ஏறியது.

அட்டைப்பெட்டி வந்த அன்றைக்கு லிஃப்டில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. பத்தொன்பது கிலோ. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை, நாற்பதுக்கும் மேலே திருகாணி, இருபத்தெட்டுப் பக்கத்துக்குப் படம் போட்ட புத்தகம். அதில் ஒரு எழுத்து கிடையாது; அம்புக்குறியும் ஒரு சிரிக்கிற மனிதனும்தான். என் மகன் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தரையில் உட்கார்ந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு ஈடுபாட்டை அவன் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின்போதுகூட நான் கண்டதில்லை. பலகையைத் திருப்பி மாட்டுவான், கழற்றுவான், படத்தைப் பார்ப்பான், நாக்கைக் கடித்துக்கொள்வான். பிள்ளை பக்கத்தில் வந்து ஒரு திருகாணியைத் தொட்டது. “பாப்பா, தொடக் கூடாது, அப்பா உனக்குத்தான் செய்யறேன்” என்றான். பிள்ளை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்த் தூங்கிவிட்டது. நடுவில் இரண்டு தடவை அவனுக்குக் காப்பி வந்தது. உண்மையான சமையலறையிலிருந்து வந்த காப்பி.

இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. இரண்டு திருகாணி மிச்சம். “எக்ஸ்ட்ரா குடுத்திருப்பான்” என்றான். இந்தக் காலத்தில் யார் கேட்காமல் கொடுக்கிறார்கள்? அந்தக் கம்பெனியின் தாராளத்தை மெச்சி, இரண்டையும் என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பழைய காலத்துச் சிறுமிகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது. சங்கப் பாட்டுகளில் அவர்கள் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் ஈர மணலில் வீடு கட்டி, மணலையே சோறாகப் பொங்கினார்கள். வண்டல் என்று அதற்குப் பெயர். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் கண்ணனிடம் எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று கேட்பதற்கே செலவழிக்க வேண்டியிருந்தது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல் என்று ஒரு பருவமே வைத்துவிட்டார்கள். இத்தனை நூற்றாண்டுத் தொல்லைக்கு என் மகன் ஒரு சனிக்கிழமையில் முடிவு கட்டினான். பத்தொன்பது கிலோ, சுவரோடு சேர்த்து முடுக்கியாகிவிட்டது. எந்தக் கண்ணன் வந்து உதைத்தாலும் அவன் கால்தான் வீங்கும். சிறுமி தானே கட்ட வேண்டிய சிரமமும் இல்லை. கட்டுகிற சந்தோஷத்தை அவளுக்காக அப்பாவே நாலு மணி நேரம் அனுபவித்துத் தீர்த்துவிட்டார்.

அட்டைப்பெட்டியை நான் தூக்கிப் போட விடவில்லை. ரிட்டயர் ஆனவனுக்குப் படிக்க ஏதாவது வேண்டும். ஆறு பக்கமும் படித்தேன். ‘மாண்டிசோரி முறை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ல் ரோம் நகரத்தில் ஏழைகள் குடியிருந்த ஒரு பகுதியில் தன் முதல் பள்ளியைத் திறந்தார். அங்கே நல்ல விலையுயர்ந்த பொம்மைகளும் இருந்தன. பிள்ளைகள் அவற்றைச் சீந்தவில்லை, துடைப்பது, பரிமாறுவது, ஊற்றுவது என்று நிஜ வேலையைத்தான் தேடிப் போனார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். கண்ணாடித் தம்ளரையே பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொன்ன அம்மாள் அவர். போட்டால் உடையும் என்று தெரிந்தால்தான் பதமாகப் பிடிக்க வரும் என்பது கணக்கு. 1939-ல் நம் அடையாறு பிரம்மஞான சபைக்கே வந்து வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் இருந்த இடம் எங்கள் ஒன்பதாவது மாடியிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான். ஆறு பாட்டுப் பாடி நாலு விளக்கு எரிகிற அடுப்புக்கு அவர் பெயரை வைத்த நன்றியுணர்ச்சி லேசில் வருமா?

அதே பெட்டியில் நான் இன்னொன்றையும் தேடினேன். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விற்கிற பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஈயம், கூர்முனை, தீப்பிடிப்பது, மின்சாரம் என்று சோதித்துப் பார்த்துத்தான் அந்த முத்திரை. பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. பெட்டியில் ஏழெட்டு முத்திரை இருந்தது. இலை போட்ட முத்திரை, குழந்தை முகம் போட்ட முத்திரை, ‘நம்பர் ஒன்’ என்று தங்க முத்திரை. ஐ.எஸ்.ஐ. மட்டும் இல்லை. பதினொரு நாள் ஆராய்ச்சியில் அது எப்படி விட்டுப்போயிற்று என்று மகனைக் கேட்டேன். “நாலே முக்கால் ஸ்டார்ப்பா” என்றான். முத்திரை போடுகிறவர்கள் அரசாங்க ஊழியர்கள். ஸ்டார் போடுகிறவர்கள் பொதுமக்கள். ஜனநாயகத்தில் யார் பெரியவர்?

உருளையும் அன்றைக்கு வெளியே வரவில்லை. செட்டில் ஒரு பொம்மை ஃபோன் உண்டு. அதன் முதுகு மூடி நகத்தால் நெம்பினால் வருகிறது, திருகாணி இல்லை. உள்ளே மூன்று பொத்தான் பேட்டரி. பிள்ளை அதில் ஒன்றை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே பொசுக்கிவிடும். கரண்டியைச் சோதித்த கை ஃபோனைச் சோதிக்கவில்லை. ஊரிலிருந்து ஓலைப்பெட்டியில் வருகிற சாமானைச் சந்தேகப்படுவதும், அட்டைப்பெட்டியில் வருகிறதை நம்புவதும் படித்தவர்களின் நாகரிகம். நான் படிக்காத பக்கத்தைச் சேர்ந்தவன். மூடியின் மேல் பிளாஸ்திரி சுற்றி ஒட்டினேன். போட்டோவுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று மருமகள் சொன்னாள். வாஸ்தவம்தான்.

இனி அந்தச் சமையலறையின் சிறப்பைச் சொல்கிறேன். குழாயை அழுத்தினால் தண்ணீர்ச் சத்தம் வரும். அடுப்புத் திருகைத் திருப்பினால் சிவப்பு விளக்கு எரிந்து, எண்ணெயில் எதுவோ பொரிகிற சத்தம் வரும். சட்டி வைத்தாலும் வரும், வைக்காவிட்டாலும் வரும், சட்டியை எதிர்பார்த்துக்கொண்டிருக்காது. சுவர்க் கடிகாரம் படமாக ஒட்டியிருக்கிறது. எப்போது பார்த்தாலும் பத்து மணி பத்து நிமிஷம். சமையல் முடிந்ததா என்று யாரும் அவசரப்படுத்த முடியாது. கேரட்டும் தக்காளியும் முன்னாலேயே வெட்டப்பட்டு நடுவில் ஒட்டுத்துணி வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் கத்தியை அங்கேயே வைத்து அழுத்தினால் ‘சரக்’ என்று பிரியும். சேர்த்தால் மறுபடி கேரட். வேறு எங்கேயும் வெட்ட முடியாது. கத்தியை எங்கே வைப்பது என்ற கவலையைக் கம்பெனியே ஏற்றுக்கொண்டது.

சாப்பாட்டு வகையும் அப்படியே. பீட்சா இரண்டு துண்டு, பர்கர், புரோக்கோலி, நண்டு, ஒரு பொரித்த முட்டை, நாங்கள் யாருமே பெயர் சொல்ல முடியாத ஒரு ரொட்டி. இட்லி கிடையாது, முருங்கைக்காய் கிடையாது. பேத்தி புரோக்கோலியைக் கையில் எடுத்துப் பார்த்து “மரம்” என்றாள். கற்பனை என்று மருமகள் கைதட்டினாள். கற்பனை இல்லை, அவள் உண்மையிலேயே மரம் என்றுதான் நினைத்தாள். இந்த வீட்டில் புரோக்கோலி வந்ததே இல்லை, ஓவனும் இல்லை. இல்லாததை எல்லாம் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்து, இருப்பதை ஒன்றுவிடாமல் விலக்கி வைக்கிற தகப்பன் எங்கே கிடைப்பான்?

வெளிநாட்டில் எல்லாப் பிள்ளைக்கும் இது உண்டு என்று அவன் சொல்வான். உண்டுதான். ஜெர்மனியில் நூரம்பர்க் பக்கத்துப் பொம்மைச் சமையலறைகள் பழம்பெருமை உள்ளவை. தகரத்திலும் செம்பிலும் குட்டிக் குட்டிப் பாத்திரங்கள், சிலவற்றில் சாராய விளக்கு வைத்து நிஜமாகவே சமைத்துவிடுவார்கள். அமெரிக்காவில் 1963-ல் கென்னர் என்கிற கம்பெனி ஒரு பொம்மை அடுப்பை விட்டது. உள்ளே இரண்டு 100 வாட் பல்பு, அந்தச் சூட்டில் சின்ன கேக் வெந்துவிடும். சமையல் என்று ஒன்றை உள்ளே விட்டால் அப்புறம் அபாயமும் பின்னாலேயே வரும் என்பதற்கு அதுவே உதாரணம். அந்த வகை அடுப்பின் பிற்கால மாதிரி ஒன்றில் பிள்ளைகளின் விரல் மாட்டிச் சுட்டுக்கொண்டதால், 2007-ல் கிட்டத்தட்ட பத்து லட்சம் அடுப்பைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. எங்கள் அடுப்பில் அந்தப் பயம் கிடையாது. அதில் எதுவும் வேகாது.

பிறந்தநாளுக்கு வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என் மகளுடைய பையனுக்கு ஆறு வயது. அவன்தான் நேராகப் போய் அடுப்பைத் திருகி, சட்டியை வைத்து, நண்டைப் போட்டுக் கிண்டினான். “டேய், அது பாப்பாவோடது. பொம்பளப் புள்ள சாமான். உனக்கு ஜே.சி.பி. வச்சிருக்கேன் வா” என்று என் மகன் தூக்கிக்கொண்டு போனான். எவ்வளவு தீர்க்கதரிசனம்! அந்தப் பையன் வளர்ந்து கல்யாணமாகி, சோபாவில் உட்கார்ந்து, ஓவன் லெஃப்ட்லயா ரைட்லயா என்று கேட்கிற நாளுக்கு இப்போதே பயிற்சி வேண்டாமா?

இதில் நானும் பெருமைப்பட இடம் இருக்கிறது. அவன் யாரிடம் கற்றான்? முப்பத்தெட்டு வருஷம் ஆபீஸ் போய் வந்த எனக்கு, எங்கள் வீட்டில் அடுப்பங்கரை எந்தப் பக்கம் என்பது வாசனையை வைத்துத்தான் தெரியும். குடித்த தம்ளரை நாற்காலிக்குக் கீழே வைத்தால் அது தானாகக் காணாமல் போகும். அது எங்கே போகிறது என்று நான் துருவிக் கேட்டதில்லை. அவ்வளவு நம்பிக்கை என் வீட்டு அம்மாள் மேல். தகப்பன் ஒரு கட்டு போட்டால் மகன் அதன் மேல் மாடி கட்டுவான். நான் ஒரு சமையலறைக்குள்தான் போகாமல் இருந்தேன். அவன் ஒன்றுக்குள் போகாமல் இன்னொன்றைக் கட்டியே முடித்தான்.

பேத்தி முதல் வாரம் ஓயாமல் பொத்தானை அழுத்தினாள். ஆறு பாட்டும் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். இரண்டாவது வாரம் பேட்டரி தீர்ந்தது. மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் அவள் தானாகப் போய் அந்த அடுப்பின் முன்னால் நின்றதைப் பார்த்தேன். ஆசையாக இருந்தது. சரி, சமைக்கப் போகிறாள் என்று கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் சட்டியைத் தொடவில்லை. பிளாஸ்திரி சுற்றிய ஃபோனை எடுத்துக் காதில் வைத்தாள்.

“அண்ணா, ரெண்டு பரோட்டா. சால்னா எக்ஸ்ட்ரா. கேட்டுக்கு வந்துட்டு கால் பண்ணுங்க.”

வைத்துவிட்டுப் போய் சோபாவில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். பார்த்துச் செய்வதில் எங்கள் பேத்திக்கு ஈடு கிடையாது.

நிஜச் சமையலறை வாசலில் ஒரு வெள்ளைக் கம்பிக் கதவு போட்டிருக்கிறார்கள். பிள்ளை உள்ளே போய்ச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க. நல்ல ஏற்பாடு, கொதிக்கிற குக்கர் விளையாட்டுப் பொருள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு அம்மாள் பச்சைப் பட்டாணியை முறத்தில் கொட்டிக்கொண்டு உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்புகூட எரியவில்லை. பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு கையில் பிளாஸ்டிக் கேரட்.

“ஆச்சி, நானும்.”

ஆச்சி முறத்தைக் கதவுப் பக்கம் நகர்த்தினாள். அதற்குள் வரவேற்பறையிலிருந்து சத்தம்: “பாப்பா, அங்க என்ன? அப்பா உனக்கு எவ்ளோ அழகா கிச்சன் வாங்கிக் குடுத்திருக்கேன். உன் கிச்சனுக்குப் போ.”

கம்பிக்கும் அந்தச் சமையலறைக்கும் நடுவில் எட்டடி இருக்கும். பிள்ளை ஒன்றைப் பார்த்தது, மற்றொன்றைப் பார்த்தது. அப்புறம் தன் கிச்சனுக்குப் போகவும் இல்லை, ஆச்சியிடம் கேட்கவும் இல்லை. கேரட்டைப் பிரித்து ஒட்டி, பிரித்து ஒட்டிக்கொண்டு நடுவழியில் உட்கார்ந்தது. ‘சரக்’, ‘சரக்’ என்று பட்டாணி உரிந்து முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. எட்ட நின்று பார்க்க வேண்டியதை எட்டவே நின்று பார்க்கக் கற்றுக்கொடுப்பதும் கல்விதானே.

ஆறு மாதத்தில் அந்தச் சமையலறைக்கு வேறு பல உபயோகங்கள் வந்தன. ஓவனுக்குள் சார்ஜர்கள். சிங்க்கில் சாவிக்கொத்து. மேல்தட்டில் தொட்டிச்செடி. எல்.இ.டி. சரம் ஒன்றும் மேலே சுற்றியிருந்தார்கள். மருமகள் வாரம் ஒருமுறை துடைப்பாள். இரண்டு சமையலறை உள்ள வீட்டில் அதுகூடச் செய்யாமல் முடியுமா?

போன மாதம் குடியிருப்பு வாட்ஸ்ஆப் குழுவில் அவன் அதை விற்பனைக்குப் போட்டான். வாசகத்தை என்னிடம் படித்துக் காட்டினான். “ஆறு மாதமே ஆனது. ஒரு கீறல்கூட இல்லை. மகள் வளர்ந்துவிட்டதால் விற்கிறோம்.” மகளுக்கு மூன்றரை வயது.

ஒரு கீறல்கூட இல்லை என்பது பொய்யில்லை. நான் குனிந்து பார்த்தேன். விளிம்பு மழுங்கவில்லை, சாயம் போகவில்லை, சட்டியின் அடியில் ஒரு தடம் இல்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவனுடைய ஆயுதச்சாலையைச் சுற்றிப் பார்த்துச் சொன்னது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். மயில்பீலி சார்த்தி, மாலை போட்டு, நெய் பூசி, வேலெல்லாம் மினுமினு என்று நின்றன. அந்த மூதாட்டி எங்கள் வரவேற்பறைக்கும் வந்திருக்கக் கூடாதா? மனமாரப் பாராட்டியிருப்பாள். பீலிக்குப் பதிலாகத்தான் எங்களிடம் எல்.இ.டி. இருந்ததே.

பத்து நிமிஷத்தில் எட்டுப் பேர் கேட்டார்கள். எட்டுப் பேரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: பாட்டு வருமா? சி பிளாக்கிலிருந்து ஒரு இளம் தகப்பன் வந்து பார்த்தார். உயரத்தை நாடா வைத்து அளந்தார். சோபாவோடு நிறம் ஒத்துவருமா என்று போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அவருடைய கண்ணில் என் மகனின் கண்ணில் அன்றைக்கு இருந்த அதே பளபளப்பு. இந்த நகரத்தில் பொறுப்புள்ள தகப்பன்களுக்குப் பஞ்சமே வராது என்று நிம்மதியாக இருந்தது. லிஃப்டில் ஏற்ற வேண்டுமென்பதால் என் மகன் மறுபடி தரையில் உட்கார்ந்து, புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படித்து, எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தான். அதே நாலு மணி நேரம். அதே இரண்டு காப்பி.

மூன்று வயது முடிந்துவிட்டதால் ஓலைப்பெட்டிக்குப் பரணிலிருந்து விடுதலை கிடைத்திருந்தது. பால்கனியில் அதைக் கொட்டிக்கொண்டு பேத்தி உட்கார்ந்திருக்கிறாள். உலக்கைக்கு முனை பிய்ந்துவிட்டது. தோசைக்கரண்டியின் காம்பு ஒடிந்து, நான் நூல் சுற்றிக் கொடுத்தேன். கரண்டி இன்னும் 31.7-க்குள் அடங்குகிற கரண்டிதான் என்பதால் நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கும் வேறு வேலை இல்லை. நேற்று சாம்பார். தொட்டிச்செடியிலிருந்து மண், இரண்டு துளசி இலை. காய் வேண்டும் என்றாள். சட்டைப்பையைத் துழாவினேன்.

அந்நேரம் உள்ளே என் மகனுடைய ஃபோன் அடித்தது. சி பிளாக்காரர்.

“சார், மாட்டிப் பாத்தாச்சு. ஆனா ரெண்டு ஸ்க்ரூ குறையுதே சார்.”

“அது எக்ஸ்ட்ரா சார், தேவைப்படாது” என்றான் இவன்.

“தாத்தா, முருங்கக்கா வெந்துருச்சா பாரு” என்றாள் பேத்தி. பானைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டுமே இன்னும் வேகவில்லை. இன்னும் கொஞ்சம் மண் ஊற்றச் சொன்னேன்.